திண்ம ராக்கெட் மோட்டார் பிறக்கும் விதம்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் மாலை, சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியருகே மெல்லத் தரையிறங்கியது. அத்திட்டத்தின் இயக்குநர் திரு. பி. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்ற செய்தி நம் மாவட்டத்தையே தலைநிமிரச் செய்தது. விழுப்புரம் ரயில்வே பள்ளியில் படித்தவர். இங்கேயே பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்றவர். ரயில்வேயில் பணியாற்றிய ஒருவரின் மகன். அன்று முதல் நம் வகுப்புகளில் ராக்கெட்டைப் பற்றிய பேச்சு ஓய்ந்தபாடில்லை.

அந்தப் பேச்சினிடையே நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்றுண்டு. "சர்க்கரையை எரித்தே ராக்கெட் விடுகிறார்களாமே! உங்கள் முண்டியம்பாக்கத்தில் சர்க்கரைக்கா பஞ்சம்? நாமே ஒரு குழுவாகச் சேர்ந்து சொந்தமாக மோட்டார் செய்துவிட்டால் என்ன?" என்பதே அது. வேடிக்கையாகக் கேட்கப்பட்டாலும் இது வேடிக்கையான வினா அன்று. சர்க்கரையை எரிபொருளாகக் கொண்டு சிறு ராக்கெட்டுகள் செய்யும் பொழுதுபோக்காளர்கள் மேல்நாடுகளில் உண்மையிலேயே உள்ளனர். சொந்தமாக மோட்டார் செய்து விண்வெளியின் எல்லையைத் தொட்ட கல்லூரி மாணவர்களும் இருக்கிறார்கள். கையையும் கண்ணையும் இழந்தவர்களும் உண்டு. ஆகவே 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் விடை கூறாமல், ஒரு திண்ம ராக்கெட் மோட்டார் எவ்வாறு பிறக்கிறது, அதைச் 'சொந்தம்' என்று சொல்லிக்கொள்ள எப்போது உரிமை வருகிறது என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறேன்.

சக்கை அடுப்பும் ராக்கெட்டும்

மோட்டார் என்றவுடன் நமக்குக் கிணற்று மோட்டார்தான் நினைவுக்கு வரும். ராக்கெட் மோட்டாரில் சுழல்வது எதுவும் இல்லை. ஒரு வலிமையான குழாய். அதனுள்ளே கட்டியாக இறுகிய உந்துபொருள். ஒரு முனை மூடியிருக்கும். மறுமுனையில் இடை சிறுத்து வாய் விரிந்த நாசில் என்னும் பகுதி. தீ மூட்ட ஒரு சிறு பற்றவைப்பான். அவ்வளவுதான் அதன் உறுப்புகள். உறுப்புகள் குறைவு என்பதால் வேலை எளிது என்று எண்ணிவிடக் கூடாது. உறுப்புகள் குறைந்த பொருளில் ஒவ்வொன்றும் பிழையின்றி இருந்தாக வேண்டும்.

முண்டியம்பாக்கம் ஆலையில் அரவைப் பருவத்தில் கரும்புச் சக்கையே கொதிகலனுக்கு விறகாகிறது. அந்தச் சக்கை எரியக் காற்று வேண்டும். காற்றில் உள்ள ஆக்சிஜன் வேண்டும். காற்று வரும் வழியை அடைத்தால் அடுப்பு அணைந்துவிடும். விண்வெளியில் காற்று இல்லை. ஆகவே ராக்கெட் தன் விறகை மட்டுமின்றி, அந்த விறகு எரியத் தேவையான ஆக்சிஜனையும் தன்னுடனேயே சுமந்து செல்ல வேண்டும். திண்ம மோட்டாரில் ஆக்சிஜனைத் தரும் உப்பும், எரியும் பொருளும் ஒன்றாகக் கலந்து ஒரே கட்டியாக இருக்கின்றன. இதுவே அதன் வலிமை. இதுவே அதன் ஆபத்தும்கூட. கொதிகலனில் காற்றை அடைத்துத் தீயைத் தணிக்கலாம். திண்ம மோட்டாரைப் பற்றவைத்த பின் அணைக்க வழி இல்லை. தண்ணீர் ஊற்றினாலும், மண்ணைப் போட்டு மூடினாலும் அதன் உள்ளிருக்கும் ஆக்சிஜன் அதை எரித்துக்கொண்டே இருக்கும்.

எரிந்து உண்டாகும் வாயு நாசில் வழியே பெருவேகத்துடன் பின்னோக்கிப் பாய்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி ராக்கெட் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. ஒரு நொடியில் வெளியேறும் வாயுவின் நிறையையும் அது வெளியேறும் வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது, பெரும்பாலும் அந்த மோட்டாரின் உந்துவிசையாகும். இதை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். பள்ளியில் படிக்காத பகுதி, அந்த வாயு எவ்வளவு வேகமாக உண்டாகிறது என்பதே.

ஊதுவத்தி சொல்லும் பாடம்

ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி, அதன் பக்கத்தில் அளவுகோலை நிறுத்தி, கடிகாரத்துடன் அமர்ந்து பாருங்கள். நான் அளந்த வத்தி ஒரு சென்டிமீட்டர் எரிய ஏறத்தாழ இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. அடுத்த சென்டிமீட்டருக்கும் அதே நேரந்தான். எரியும் பரப்பு மாறாததால் எரியும் அளவும் மாறுவதில்லை. மின்விசிறியைப் போட்டால் வத்தி விரைந்து எரிகிறது. சூழ்நிலை மாறினால் எரிவேகமும் மாறும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

திண்ம உந்துபொருளும் இவ்வாறே பரப்பிலிருந்து உள்நோக்கி, படலம் படலமாக எரிகிறது. ஊதுவத்தி நிமிடத்திற்குச் சில மில்லிமீட்டர் எரிந்தால், இது நொடிக்குச் சில மில்லிமீட்டர் எரிகிறது. எனவே எவ்வளவு வாயு வேண்டுமோ அதற்கேற்ப எரிபரப்பை அமைக்க வேண்டும். கட்டியின் நடுவே நீளவாக்கில் ஒரு துளை விட்டு, அத்துளையின் சுவரில் தீ மூட்டினால் பரப்பு மிகுதியாகக் கிடைக்கும். ஆனால் எரிய எரியத் துளை பெரிதாகும், பரப்பும் உயரும், உந்துவிசையும் ஏறிக்கொண்டே போகும். இதைச் சமன்படுத்த, துளையை வட்டமாக இல்லாமல் நட்சத்திர வடிவில் அமைக்கிறார்கள். நம் வீட்டு முறுக்கு அச்சில் உள்ள நட்சத்திரத் துளையை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் நட்சத்திரத்தின் முனைகள் பரப்பைக் கூட்டித் தருகின்றன. எரிய எரிய முனைகள் மழுங்குகின்றன. துளை பெரிதாவதால் வரும் ஏற்றத்தை முனைகள் மழுங்குவதால் வரும் இறக்கம் ஈடுசெய்கிறது. விமானி கையில் பிடிக்கும் விசைக் கட்டுப்பாட்டுக் கோல் திண்ம மோட்டாரில் இல்லை. எந்த நொடியில் எவ்வளவு விசை வேண்டும் என்பது, கட்டியை வார்க்கும்போதே அத்துளையின் வடிவில் எழுதப்பட்டுவிடுகிறது.

நடுத்துளையில் தீ மூட்டுவதால் மற்றொரு நன்மையும் உண்டு. உள்ளே வெப்பம் 3,000 டிகிரியை நெருங்கும். எஃகு ஏறத்தாழ 1,500 டிகிரியிலேயே உருகிவிடும். எனினும் தீ நடுவிலிருந்து வெளிநோக்கிப் பரவுவதால், இன்னும் எரியாத உந்துபொருளே கடைசிவரை எஃகுக் குழாய்க்குக் கவசமாக நிற்கிறது.

ஒரு விரிசலின் விலை

இனி, இக்கட்டுரையின் உயிர்நாடியான கணக்கிற்கு வருவோம். உந்துபொருளின் எரிவேகம் அறையின் அழுத்தத்தைப் பொறுத்தது. அழுத்தம் கூடினால் எரிவேகம் கூடும். எரிவேகம் கூடினால் வாயு கூடும். வாயு கூடினால் அழுத்தம் மேலும் கூடும். இது முடிவின்றிப் போகாதா? போகாது, ஏனெனில் அழுத்தம் கூடும்போது நாசில் வழியே வெளியேறும் வாயுவும் கூடுகிறது. வரவும் செலவும் சமமாகும் ஓர் அழுத்தத்தில் மோட்டார் நிலைகொள்கிறது.

எரிவேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்திற்கேற்ப உயரும் ஓர் உந்துபொருளை எடுத்துக்கொள்வோம். வரவையும் செலவையும் சமன்படுத்திக் கணக்கிட்டால், அறையின் அழுத்தம் எரிபரப்பின் வர்க்கத்திற்கு ஏற்ப மாறும் என்ற விடை வரும். அதாவது எரிபரப்பு 20 விழுக்காடு கூடினால் அழுத்தம் 44 விழுக்காடு கூடும். எரிபரப்பு இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும்.

எரிபரப்பு எப்படித் திடீரென்று கூடும்? கட்டியில் ஒரு விரிசல் போதும்; உள்ளே ஒரு காற்றுக்குமிழி போதும்; உந்துபொருள் குழாய்ச் சுவரிலிருந்து ஓரிடத்தில் ஒட்டு விட்டிருந்தாலும் போதும். தீ அந்த இடுக்கில் நுழைந்தவுடன் புதிய பரப்பு கிடைக்கிறது; அழுத்தம் எகிறுகிறது; குழாய் வெடிகுண்டாகிறது. வெளியிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு நல்ல கட்டியும் விரிசல் விட்ட கட்டியும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவேதான் உலகெங்கும் வெற்றிடத்தில் வார்க்கிறார்கள், நாள்கணக்கில் இறுகவிடுகிறார்கள், எக்ஸ்-கதிரால் படமெடுத்துப் பார்க்கிறார்கள். செய்முறைக் குறிப்பு கிடைத்துவிட்டால் மோட்டார் கிடைத்துவிட்டது என்று எண்ணுவது எத்துணைப் பேதைமை என்பது இதனால் விளங்கும்.

பொள்ளிலூரின் இரும்புக் குழாய்

திண்ம ராக்கெட் நமக்குப் புதியது அன்று. 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள பொள்ளிலூரில் ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் மைசூர்ப் படை, கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை முறியடித்தது. அப்போரில் மைசூர்ப் படையினர் ராக்கெட்டுகளைப் பயன்படுத்தினர். அவற்றின் சிறப்பு மருந்தில் இல்லை, குழாயில் இருந்தது. மூங்கிலும் தாளும் தாங்காத அழுத்தத்தை அவர்கள் கையாண்ட இரும்புக் குழாய் தாங்கிற்று. அழுத்தம் மிகுந்தால் வாயுவின் வேகம் மிகும். ராக்கெட் தொலைதூரம் செல்லும். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அந்த ராக்கெட்டுகள் இங்கிலாந்து சென்றன. அவற்றைக் கண்டே வில்லியம் காங்கிரீவ் தம் ராக்கெட்டுகளை உருவாக்கினார்.

மைசூரின் கொல்லர்கள் செய்தார்கள்; ஆனால் அளந்து எழுதி வைத்தவர்கள் காங்கிரீவின் ஆட்கள். கலை இங்கே பிறந்தது. அது அறிவியலாக அங்கே வளர்ந்தது. இவ்வேற்றுமையை நினைவில் வைத்துக்கொண்டு தும்பாவுக்குச் செல்வோம்.

தும்பாவின் இளைஞர்கள்

திருவனந்தபுரத்தை அடுத்த மீனவர் சிற்றூர் தும்பா. புவியின் காந்த நடுக்கோடு அவ்வழியே சென்றதால், டாக்டர் விக்ரம் சாராபாய் அதைத் தேர்ந்தெடுத்தார். புனித மரிய மகதலேனா தேவாலயமே முதல் அலுவலகமாயிற்று. 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் அங்கிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. ஆனால் அந்த நைக்-அப்பாச்சி அமெரிக்கா தந்தது. அதன் இரு திண்ம மோட்டார்களும் அந்நாட்டில் வார்க்கப்பட்டவை. நம்மவர்கள் பொருத்தினார்கள், ஏவினார்கள். அதன் உள்ளே நடந்தது அவர்களுடைய அறிவன்று.

அங்கே பணியாற்றியவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். திருச்சி புனித வளனார் கல்லூரியில் நம்மைப் போலவே இயற்பியலில் இளம் அறிவியல் படித்து, பின்னர் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் பயின்ற ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்களில் ஒருவர். அவர் பயிற்சிக்காக அமெரிக்காவின் வாலப்ஸ் தீவுக்குச் சென்றபோது, அங்கு வரவேற்புக் கூடத்தில் திப்புவின் படையினர் ராக்கெட் விடும் ஓவியத்தைக் கண்டதாகத் தம் வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார். நம் நாட்டின் கைத்திறனை அயல்நாட்டுச் சுவரில் காண நேர்ந்தது.

1967ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள், அதாவது முதல் ஏவுதல் நடந்து நான்கு ஆண்டுகள் நிறைவடைய ஒரு நாள் இருக்கும்போது, தும்பாவிலிருந்து ரோகிணி ஆர்.எச்.-75 பறந்தது. பெயரிலுள்ள 75 அதன் விட்டம் 75 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கும். ஏறத்தாழ மூன்று அங்குலம். திருவிழா வாணத்தைவிடச் சற்றுப் பெரியது என்று எள்ளி நகையாட இடமுண்டு. நைக்-அப்பாச்சியோ பல மடங்கு பெரியது. எனினும் எது இந்தியாவின் ராக்கெட் என்று கேட்டால், மூன்று அங்குல ரோகிணியைத்தான் காட்ட வேண்டும். குழாயின் தடிப்பை, நாசிலின் அளவை, எரிபரப்பை நிர்ணயித்தவர்கள் நம்மவர்கள். தவறினால் ஏன் தவறியது என்று சொல்லக்கூடியவர்களும் அவர்களே.

அக்காலத்தில் பிரான்சு நாட்டின் செந்தோர் ராக்கெட்டை உரிமம் பெற்று இங்கேயே செய்யும் ஏற்பாடும் நடந்தது. உரிமம் பெற்றுச் செய்வதால் ஆலையும் பயிற்சியும் கிடைக்கும். ஆனால் வரைபடத்தில் ஓர் எண் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கான விடை உரிமத்தோடு வருவதில்லை. அதைத் தானே தேடிக் கண்டாக வேண்டும். தும்பாவில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன என்பதே நம் நாட்டின் நற்பேறு.

ஆமணக்கெண்ணெயும் ராக்கெட்டும்

உந்துபொருளில் ஆக்சிஜன் தரும் உப்பின் தூளையும் அலுமினியத் தூளையும் ஒன்றாகப் பிணைத்து, ரப்பர்போல நெகிழும் கட்டியாக்க ஒரு பிணைபொருள் வேண்டும். அது நெகிழ வேண்டும். வெயிலிலும் குளிரிலும் விரிசல் விடக் கூடாது. குழாய்ச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அதுவே எரிபொருளாகவும் பயன்பட வேண்டும். இப்பொருளை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டேயிருந்தால், மோட்டார் நம்முடையது என்று சொல்ல இயலாது. இங்கிலாந்தில் பணியாற்றிவிட்டு 1967இல் தும்பாவுக்கு வந்த வேதியியற் பொறியாளர் வசந்த் கோவாரிகர் இத்துறைக்குத் தலைமை தாங்கினார். திருவனந்தபுரத்து வேதியியலார் உருவாக்கிய பிணைபொருள்களில் ஒன்று, ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்யப்பட்ட 'இஸ்ரோ பாலியால்'. நம் ஊர்க் கொல்லைகளில் வேலியோரம் நிற்கும் ஆமணக்கின் எண்ணெய், ராக்கெட்டின் உடலுக்குள் சென்றது! வேதியியல் துறை நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். திண்ம மோட்டாரில் இயற்பியலின் பங்கு பாதிதான், மறுபாதி அவர்களுடையது.

மூன்று அங்குலம் முதல் மூன்று மீட்டர் வரை

பின்வந்த வளர்ச்சியை விட்டத்தின் அளவாலேயே சொல்லிவிடலாம். 1967இல் 75 மில்லிமீட்டர். 1980ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்திய எஸ்.எல்.வி.-3 நான்கு கட்டங்களும் திண்ம மோட்டார்களாலானது. அதன் முதற்கட்டத்தின் விட்டம் 1 மீட்டர். பி.எஸ்.எல்.வி.யின் முதற்கட்டம் 2.8 மீட்டர், இன்று அதனுள் நிரப்பப்படும் உந்துபொருள் 139 டன். சந்திரயான்-3ஐ 2023 ஜூலை 14 அன்று தூக்கிச் சென்ற எல்.வி.எம்.-3 ராக்கெட்டின் இரு பக்கமும் நின்ற எஸ்-200 மோட்டார்கள் 3.2 மீட்டர் விட்டமுடையவை. ஒவ்வொன்றிலும் 200 டன்னுக்கு மேற்பட்ட உந்துபொருள். ராக்கெட் தரையை விட்டு எழும்போது எரிந்துகொண்டிருந்தவை இவ்விரண்டு மட்டுமே. விழுப்புரத்துக்காரரின் திட்டத்தை மண்ணிலிருந்து முதலில் தூக்கியது திண்ம மோட்டார்தான்.

இந்த ஏற்றம் தடையின்றி வந்ததன்று. 1987 மார்ச் 24 அன்று ஏ.எஸ்.எல்.வி.யின் முதல் பயணத்தில், பக்கத்து மோட்டார்கள் எரிந்து முடிந்தபின் நடு மோட்டார் தீப்பற்றவே இல்லை. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சாலஞ்சர் விண்ணோடம் ஏழு பேருடன் அழிந்ததற்குக் காரணம், கடுங்குளிரில் விறைத்துப்போன ரப்பர் வளையத்தின் வழியே திண்ம மோட்டாரின் இணைப்பில் தீ கசிந்தமையே. 2025 மே 18 அன்று, பலமுறை வென்ற பி.எஸ்.எல்.வி.கூட, மூன்றாம் கட்டத் திண்ம மோட்டாரின் அறை அழுத்தம் குறைந்ததால் இலக்கை எட்டவில்லை. தரையிலும் உயிர்ப்பலி நேர்ந்ததுண்டு: 2004 பிப்ரவரி 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவின் திண்ம உந்துபொருள் ஆலையில் நேர்ந்த விபத்தில் ஆறு பேர் உயிரிழந்தனர். பல்லாண்டு அனுபவமும் பாதுகாப்பு விதிகளும் உள்ள இடத்திலேயே நிலைமை இது.

இத்தோல்விகளுக்கெல்லாம் காரணத்தைத் தேட முடிந்ததற்கு அளவீடுகளே துணை நின்றன. எஸ்-200 மோட்டாரை 2010 ஜனவரி 24 அன்று முதன்முறையாகத் தரையில் கட்டிவைத்து எரித்தபோது, அது எரிந்த 130 நொடிகளில் சுமார் 600 அளவீடுகள் பதிவு செய்யப்பட்டன. இதனை நிலைச்சோதனை என்பர். பறக்கவிடும் முன் கட்டிவைத்து எரிப்பதும், எரியும்போது அழுத்தத்தையும் விசையையும் நொடிக்கு நொடி பதிவதுமே மோட்டார்க் கலையை மோட்டார் அறிவியலாக்குகின்றன.

மாணவர்கள் செய்து காட்டியது

'அவையெல்லாம் அரசாங்கத்தின் முயற்சிகள், மாணவரால் ஆகுமா?' என்று கேட்கலாம். 1936இல் அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பிராங்க் மலினா என்னும் ஆராய்ச்சி மாணவரும், பட்டம் பெறாத ஜாக் பார்சன்ஸ், எட்வர்ட் போர்மன் ஆகிய இரு நண்பர்களும் ராக்கெட் சோதனையைத் தொடங்கினர். அவர்கள் செய்த வெடிச்சத்தத்தால் 'தற்கொலைப் படை' என்ற பட்டப்பெயரும் கிடைத்தது. 1941இல் அவர்களுடைய திண்ம மோட்டார்கள் ஒரு சிறு விமானத்தை விரைந்து எழச் செய்தன. ஆனால் சில நாள் சேமித்து வைத்த மோட்டார்கள் வெடித்தன. காரணம், நாம் மேலே கண்ட விரிசலேதான். மலினாவும் அவருடைய ஆசிரியர் தியோடர் வான் கார்மனும் மோட்டார் சீராக எரிய வேண்டிய நிபந்தனையைக் கணக்கால் காட்டினர். பார்சன்ஸோ 1942இல், சாலை போடும் தாரைப் பிணைபொருளாக்கி விரிசல் விடாத கட்டியை உண்டாக்கினார். கணக்கும் கைத்திறனும் கைகோத்தன. இன்றைய வார்ப்பு உந்துபொருள்களுக்கு அதுவே மூதாதை.

நம் காலத்திற்கு வருவோம். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மாணவர் குழு தன் உந்துபொருளையும் மோட்டார்க் குழாயையும் தானே செய்கிறது. 2019 ஏப்ரல் 21 அன்று அவர்களுடைய 'டிராவலர்-4' ராக்கெட் ஏறத்தாழ 103 கிலோமீட்டர் உயர்ந்து, மாணவர்களே வடிவமைத்துச் செய்த ராக்கெட்டுகளில் முதன்முதலாக விண்வெளியின் எல்லையைக் கடந்தது. 2024 அக்டோபர் 20 அன்று அக்குழுவின் வேறொரு ராக்கெட் 143 கிலோமீட்டரை எட்டியது. இதற்கு முன் ஆண்டுக்கணக்காக அவர்கள் தோற்றனர். 2018இல் ஒரு ராக்கெட் பறந்தும், அது எட்டிய உயரத்தை நிறுவும் பதிவு கிடைக்காததால் அம்முயற்சி கணக்கில் வரவில்லை. அளவின்றி எய்திய உயரம் உயரமே அன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

நாம் என்ன செய்யலாம்?

இப்போது நண்பர்களின் வினாவுக்கு வருகிறேன். உந்துபொருளை விடுதியிலோ வீட்டிலோ கலந்து பார்ப்பது கூடவே கூடாது. சிவகாசி வட்டாரத்தில் ஆண்டுதோறும் நேரும் விபத்துகளை நாளிதழ்களில் படிக்கிறோம். அங்கிருப்போர் அத்தொழிலைத் தலைமுறையாக அறிந்தவர்கள். 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் உரிமமின்றி வெடிபொருள் செய்வதைத் தடுக்கிறது. சட்டத்திற்காக மட்டுமன்று, விரிசலைக் காட்டும் எக்ஸ்-கதிர்க் கருவி நம்மிடம் இல்லை என்பதற்காகவும் இது கூடாது.

அப்படியானால் கைகட்டி இருப்பதா? இல்லை. மோட்டாரின் பாதி அறிவு தீயின்றியே கிடைக்கும். காலியான பிளாஸ்டிக் புட்டியில் பாதி நீர் நிரப்பி, சைக்கிள் பம்பால் காற்றடைத்துத் தண்ணீர் ராக்கெட் செய்யலாம். அதைப் பறக்கவிடும் முன், ஆய்வக மேசையில் கட்டி, மின்னணுத் தராசில் உள்ள லோடு செல்லைக் கொண்டு அதன் விசையை நேரத்திற்கெதிராகப் பதியலாம். அதுவே நம் நிலைச்சோதனை. புட்டி வெடித்தால் காயம் வரும் என்பதால், அங்கும் தடுப்புப் பலகையும் கண்ணாடியும் ஆசிரியரின் மேற்பார்வையும் வேண்டும். நாசிலின் துளையை மாற்றி விசை எவ்வாறு மாறுகிறது என்று காணலாம். ஊதுவத்தியால் எரிவேகத்தை அளக்கலாம். நட்சத்திரத் துளையின் சுற்றளவு எரிய எரிய எப்படி மாறும் என்பதை வரைபடத்தாளில் படி படியாக வரைந்து, எரிபரப்பின் கணக்கைப் போடலாம். கணிதத் துறையினர் இதற்குத் துணைபுரியலாம். கணித்த வளைவையும் அளந்த வளைவையும் ஒரே தாளில் வரைந்து, அவை ஏன் பொருந்தவில்லை என்று வாதாடலாம். அந்த வாதந்தான் ராக்கெட் அறிவியலின் வாசல்.

இவ்வாறு ஓராண்டு பழகிய குழு, முறையான இடத்தில் முறையான அனுமதியுடன் அடுத்த படிக்குச் செல்லலாம். 2020இல் அமைக்கப்பட்ட இன்-ஸ்பேஸ் நிறுவனம் மாணவர்களுக்காக மாதிரி ராக்கெட் போட்டி நடத்தியுள்ளது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து ஏவப்படவுள்ள எஸ்.எஸ்.எல்.வி.யின் மூன்று முதன்மைக் கட்டங்களும் திண்ம மோட்டார்களே. அம்மோட்டார்களைச் சோதிக்கவும், அவற்றின் வளைவுகளைப் படிக்கவும் ஆட்கள் வேண்டும். அவர்கள் பெருநகரப் பொறியியற் கல்லூரிகளிலிருந்து மட்டுமே வரவேண்டும் என்று எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. நாகர்கோவில் கலைக் கல்லூரியொன்றில் கணிதம் படித்த கே. சிவன் இஸ்ரோவின் தலைவரானதை நாம் கண்டோம்.

சர்க்கரை முண்டியம்பாக்கத்தில் நிறையவே இருக்கிறது. நமக்குக் குறையாக இருப்பது ஒரு தராசும், ஒரு குறிப்பேடும், வாரம் ஒரு மாலைப் பொழுதுமே. நம் துறைத் தலைவரும் பேராசிரியர்களும் ஆய்வகத்தின் ஒரு மூலையை நமக்கு ஒதுக்கித் தர வேண்டுகிறேன். அடுத்த ஆண்டு மலரில், நாம் அளந்து வரைந்த ஒரே ஒரு விசை வளைவாவது அச்சேறட்டும். அந்த வளைவில் ஒரு புள்ளி ஏன் விலகி நிற்கிறது என்று நம்மில் ஒருவர் விளக்கிச் சொல்லும் நாளில், தண்ணீரால் ஓடினாலும் அது நம் சொந்த மோட்டாராகும்.